குற்றவாளி ரேமாகவும் இருக்கலாம்
ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்தபின், அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டியபின், கம்ப்யூட்டர் கிராஷாகி நீலத்திரை வந்தால் கோர் வோல்டேஜை (ப்ராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தை) ஏற்றச் சொல்கிறது இந்தக் கட்டுரை. எல்லா நேரமும் அது சரிவராது. முதல் முயற்சியில் நான் 1.25லிருந்து 1.35 வோல்ட் வரை ஏற்றிப் பார்த்தேன். கிராஷ் நிற்கவில்லை, சூடுதான் 90 டிகிரியைத் தாண்டியது. கடைசியில் பார்த்தால் வில்லன் ரேம்! கூடவே ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பையும் ஆன் செய்திருந்தேன், அதுவும் ஒரு ஓவர்கிளாக்தான் என்று அப்போது தெரியாது. அதை அணைத்துவிட்டு, ப்ராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் மல்டிப்ளையரை மட்டும் ஒவ்வொரு படியாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸாக ஏற்றியதும் அடங்கியது. அப்புறம், ஓவர்கிளாக் நிலையாக இருக்கிறதா என்று பார்க்க, ப்ராசஸரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருள் பத்து நிமிடம் ஓடினால் போதும் என்று மேலே கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். போதாதுங்க. விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரையும் திறந்து பாருங்கள். அங்கே ‘வீயா லாகர்’ என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் புதிதாக வரிசை கட்டினால், கிராஷே ஆகாவிட்டாலும் ப்ராசஸரோ ரேமோ திணறுகிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.