மின்சாரம் நின்றால் வால்வு எந்த நிலையில் இருக்கும்?

பால் வால்வு (ball valve) என்பது துளையுள்ள உருண்டையைத் திருப்பிக் குழாயைத் திறந்து மூடும் வால்வு; அதைத் தானாகத் திருப்பும் கருவியே ஆக்சுவேட்டர். கம்ப்ரஸர் (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) தேவையில்லை, பொருத்துவதும் எளிது என்ற காரணங்களைக் காட்டி, இந்த வால்வுகளுக்கு மின்மோட்டார் ஆக்சுவேட்டரே எல்லா இடத்திலும் சிறந்தது என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிவு செய்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காற்றழுத்த ஆக்சுவேட்டரில், பொதுவாக 5 முதல் 7 பார் (அழுத்தத்தின் அலகு) வரையிலான அழுத்தத்தில் வரும் காற்று இரு பிஸ்டன்களைத் தள்ள, அவற்றின் பல்வரிசை நடுவிலுள்ள பற்சக்கரத்தைச் சுழற்றி, வால்வின் உருண்டையை 90 பாகை திருப்புகிறது. ஸ்பிரிங் பொருத்திய வகையில், காற்றோ, அந்தக் காற்றைத் திறந்துவிடும் மின்காந்த வால்வான சோலினாய்டுக்கான மின்சாரமோ நின்றவுடன், ஸ்பிரிங்கே வால்வை நாம் முன்கூட்டித் தீர்மானித்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பாய்லருக்குச் செல்லும் எரிவாயுக் குழாயில் பணியாளர்களின் உயிரே இந்தப் பண்பை நம்பியிருக்கிறது. சாதாரண மின் ஆக்சுவேட்டரோ, பேட்டரி போன்ற மாற்று ஏற்பாடு இல்லையென்றால், மின்தடையின்போது வால்வு இருந்த நிலையிலேயே, பாதி திறந்திருந்தால் அப்படியே, நின்றுவிடும்.

கட்டுரை தொடாமல் விட்டது, வால்வைச் சுழற்றத் தேவையான திருப்புவிசை (டார்க்). பல வாரங்கள் அசையாமலிருந்த உருண்டை தன்னைத் தாங்கிக் கசிவைத் தடுக்கும் டெஃப்லான் வளையமான இருக்கையில் இறுகிப்போவதால், அதை முதலில் அசைக்கக் கூடுதல் விசை வேண்டும். ஸ்பிரிங்கின் விசையோ அது விரிய விரியக் குறையும். ஆகவே, அதன் இறுதிக்கட்ட விசையையும் கணக்கிட்டே ஆக்சுவேட்டரின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கம்ப்ரஸர் இல்லாத, ஊருக்கு வெளியே உள்ள நீரேற்று நிலையத்தில் நாளுக்குச் சில முறை மட்டும் இயங்கும் வால்வுக்கு மின் வகையே பொருத்தமானது. இடைவிடாது திறந்து மூட வேண்டிய இடத்தில், அதற்கென வடிவமைக்கப்படாத மோட்டார் சூடேறி நின்றுவிடும். அங்கே காற்றழுத்த வகையைப் பொருத்துவோர், காற்றிலுள்ள ஈரத்தை நீக்கும் வடிகட்டியையும் உலர்த்தியையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.