குளத்தங்கரை வீட்டுக்குப் பட்டா இருக்கா?

(கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிளை நூலகத் திண்ணை. ராமசுப்பு சார், வயது 62, சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வேலம்மா, வயது 76, முதியோர் பணம் எடுப்பதற்காக, கைரேகை மிஷினோடு வரும் பையனுக்குக் காத்திருப்பவர்.)

வேலம்மா: நாலு பேருன்னியே தம்பி, ஒரே அடுப்பா, தனித்தனி அடுப்பா?

சுப்பு: எந்த நாலு பேர் பெரியம்மா?

வேலம்மா: சனிக்கிழமை நாலு பேரைக் கொண்டாரப் போறேன்னு டீக்கடையில நீதானய்யா சொல்லிக்கிட்டு இருந்தே? எல்லாம் பட்டிக்காட்டுல இருந்து பழகுன பெரிய மனுசங்கன்னு. எம்மவன் திருப்பூர் போனதுல இருந்து அவன் வீடு பூட்டித்தான கெடக்கு. வாடகை முன்னப்பின்ன இருந்தாலும் சரி, ஆளு நல்ல ஆளா இருக்கணும்.

சுப்பு: (கையிலிருந்த தாளில் கண்ணாக) ஆமா, நாலு பேர். யாருக்கும் இன்னும் படிச்சுக் காட்டலை, நீங்களே முதல்ல கேளுங்க. முதல் ஆள் தோரோ. அமெரிக்காவுல கான்கார்டுன்னு ஒரு ஊர். சந்தடியே ஆகாதுன்னு குளத்தங்கரையில தன் கையாலயே குடிசை போட்டுக்கிட்டார்.

வேலம்மா: குளத்தங்கரையிலயா? அது நீர்நிலைப் புறம்போக்குல்ல! நம்ம கம்மாக்கரையில குடிசை போட்டவுகளை ஜேசிபியக் கொண்டாந்து எடுத்துப்புட்டாகளே. பட்டா யாரு பேருல?

சுப்பு: எமர்சன்னு அவரோட நண்பர். பெரிய ஞானி. அவர் இடம்.

வேலம்மா: பட்டா ஞானி பேருல. இவரு வாடகை எவ்வளவு குடுத்தாரு?

சுப்பு: வாடகையெல்லாம் கிடையாது. இருந்துக்கோன்னு விட்டுட்டார்.

வேலம்மா: வாடகை குடுத்துப் பழக்கமில்லாத ஆளு. ம், சொல்லு.

சுப்பு: வீடு கட்டின மொத்தச் செலவு எவ்வளவு தெரியுமா? இருபத்தெட்டு டாலர், பன்னிரண்டரை சென்ட்!

வேலம்மா: பன்னெண்டரை சென்டுல வீடா? எம்மவன் வீடு மூணு சென்டுதான். அவருக்குக் காணாதே.

சுப்பு: அது இடம் இல்ல, காசு. ஆணி வாங்கின கணக்குக்கூட எழுதி வச்சிருக்கார் மனுஷன்!

வேலம்மா: கணக்கு வச்சிருந்தா நல்லதுதான். சோலி என்ன?

சுப்பு: விவசாயம். ரெண்டரை ஏக்கர்ல பீன்ஸ். காலையில வெறுங்காலோட போய்க் களை வெட்டுவார். நான் எழுதியிருக்கேன் பாருங்க: 'வரிக்கு வரி மண்வாசனை.'

வேலம்மா: மழை பெஞ்சாத்தான் மண்ணு மணக்கும். இங்க மணந்து எத்தனை நாளாச்சு. அவரு வெள்ளாமை வீடு வந்துச்சா?

சுப்பு: பெருச்சாளி மாதிரி ஒரு பிராணி, அந்த ஊர்ல உண்டு. கால் ஏக்கரை ஒட்ட மேஞ்சிடுச்சு.

வேலம்மா: நமக்குப் பன்னி. மக்காச்சோளத்துக்குள்ள ஒரு ராத்திரி பூந்துச்சுன்னா விடிய டிராக்டர் ஓட்டுன மாதிரிக் கெடக்கும். அவரு என்ன செஞ்சாரு?

சுப்பு: ஒண்ணைப் பிடிச்சு... அது வந்து... சாப்பிட்டுட்டார்.

வேலம்மா: (நிமிர்ந்து உட்கார்ந்து) ஆம்பள! வனத்துறையில கேசு போடலையா?

சுப்பு: இல்லையே.

வேலம்மா: குடுத்து வச்சவரு. நாம பன்னியப் பாத்து 'ச்சூ'ன்னு சொல்லணும்னாலே மனு எழுதிக் குடுக்கணும். சரி, செலவு போக மிச்சம்?

சுப்பு: எட்டு டாலர், எழுபத்தொன்றரை சென்ட்.

வேலம்மா: ரெண்டரை ஏக்கருக்கா? அதையும் வெளிய சொல்லுதாரா?

சுப்பு: பைசா சுத்தமாச் சொல்றார். அதுதான் அவர் பெருமை.

வேலம்மா: எங்க வீட்டு மனுசன் காலமெல்லாம் நட்டத்துக்குத்தான் உழுதாரு. அதைப் பெருமையின்னு சொல்ல ஒரு நாதி வரல. சோறு யாரு பொங்குதது அவருக்கு?

சுப்பு: அவரேதான். நடுநடுவுல ஊருக்குள்ள நடந்துபோய் வீட்டுலயும் சாப்பிட்டுட்டு வருவார்.

வேலம்மா: எந்த வீட்டுல?

சுப்பு: அம்மா வீடுதான். ரெண்டு மைலுக்குள்ள.

வேலம்மா: காட்டுக்குள்ள ஒத்தையில இருக்கேன்னாரே, அது இதுதானா!

சுப்பு: அதை விடுங்க, சிந்தனையைப் பாருங்க. 'இந்த பூமிக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு, வயசானவங்க யாரும் எனக்கு உருப்படியா ஒரு வார்த்தை சொன்னதில்ல'ங்கிற மாதிரி எழுதுறார். என்ன துணிச்சல்!

வேலம்மா: ஆத்தா சோத்தத் தின்னுக்கிட்டே! அவருக்கு வீடு கெடையாது, சொல்லிப்புடு. எத்தனை நாளுதான் இருந்தாரு அந்தக் குடிசையில?

சுப்பு: ரெண்டு வருஷம், ரெண்டு மாசம், ரெண்டு நாள்.

வேலம்மா: எம்மருமக பிரசவத்துக்குப் போயிட்டு இதைவிடக் கூட இருந்தா. வேண்டாம், வேண்டாம்.

சுப்பு: அவருக்கு எதுக்குப் பெரியம்மா வீடு? 44 வயசுலேயே காசநோய்ல போயிட்டாரே. 1862ல.

வேலம்மா: ...

சுப்பு: என்ன?

வேலம்மா: செத்தவரையா சனிக்கிழமை கூட்டியாரே?

சுப்பு: புத்தகம் பெரியம்மா! வாசகர் வட்டக் கூட்டம். கிராம வாழ்க்கை, முதுமை, இது பத்தின நாலு புத்தகத்துக்கு வாசகர் கருத்துச் சொல்லப் போறேன்.

வேலம்மா: அடப்பாவி. ஆளு வச்சு வெள்ளையடிச்சுப்புட்டேனே!

(சார் மாதிரி ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கயிற்றுக் கட்டில் வாங்குவார்கள். அதை வாசலில் போட்டுப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். தூங்குவது உள்ளே, ஏசியில். புத்தகக் கருத்தெல்லாம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுவதுதான்.)

சுப்பு: ரெண்டாவது ஆளைக் கேட்டா உங்களுக்குப் பிடிக்கும். சிசரோ, ரோமாபுரிக்காரர். முதுமை பத்தியே எழுதியிருக்கார். எழுதும்போது அவருக்கு 62, என் வயசு! கேட்டோங்கிற 84 வயசு ரோமாபுரிப் பெரியவர் பேசற மாதிரி அமைச்சிருக்கார். வயசான காலத்துல விவசாயத்தை விட்டா வேற இன்பம் ஏதுங்கிறார். எரு போடறதோட அருமைகூட வருது.

வேலம்மா: எருவை யாரு சொமந்தது?

சுப்பு: அந்தக் காலத்துல... அடிமைங்க இருந்தாங்க.

வேலம்மா: பட்டா?

சுப்பு: சிசரோவுக்குப் பல ஊர்ல பண்ணை வீடு உண்டு.

வேலம்மா: சொமக்காதவனுக்கு எரு மணக்கத்தான் செய்யும். நீ மண்வாசனைன்னு எழுதியிருப்பியே?

சுப்பு: (தாளை மடித்தபடி) கேட்டோ அசல் விவசாயி பெரியம்மா. பண்ணையம் பத்தித் தனிப் புத்தகமே எழுதினவர்.

வேலம்மா: அதுல என்ன சொல்லுதாரு?

சுப்பு: எண்ணெய் ஆட்டறது, திராட்சைத் தோட்டம், வேலை நேரம்... வேண்டாததை வித்துக் காசாக்கறது...

வேலம்மா: வேண்டாததுன்னா?

சுப்பு: (குரல் இறங்கி) உழைச்சு ஓய்ஞ்ச மாடு. பழைய வண்டி. பழைய இரும்பு. வயசான அடிமை. சீக்குக்கார அடிமை.

வேலம்மா: இன்னொருக்கச் சொல்லு.

சுப்பு: விடுங்களேன்.

வேலம்மா: கெழட்டு மாட்டையும் கெழட்டு ஆளையும் ஒரே மூச்சுல விக்கச் சொன்ன மனுசன். அவரு வாயிலதான் வயசாகுறது இன்பம்னு அந்த இன்னொருத்தரு எழுதி வச்சிருக்காரு. நீ எத்தனை நட்சத்திரம் போட்டே?

சுப்பு: அஞ்சுக்கு அஞ்சு.

வேலம்மா: ரெண்டை எனக்கு வித்துரு. எழுதுனவரு என்ன ஆனாரு?

சுப்பு: மறு வருஷமே, பண்ணை வீட்டுல இருந்து தப்பிக் கிளம்பும்போது வழியில வெட்டிட்டாங்க.

வேலம்மா: வரப்புத் தகராறா?

சுப்பு: அரசியல்.

வேலம்மா: நம்ம ஊரு மாதிரியேதான் இருந்திருக்கு.

சுப்பு: மூணாவது ஆளுங்களை நீங்க ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்காட் நியரிங், அவர் பெண்டாட்டி ஹெலன். நியூயார்க்கை விட்டுட்டு 1932ல வெர்மான்ட்டுக்குப் போய், தாங்களே கல்லு பொறுக்கி வீடு கட்டி, தாங்களே காய்கறி வச்சு வாழ்ந்தாங்க.

வேலம்மா: சொந்தக் கையாலயா? பட்டா?

சுப்பு: சொந்தக் கை. சொந்த இடம்.

வேலம்மா: சரி, இவுகளுக்கு வீடு உண்டு.

சுப்பு: அவர் நூறு வயசு இருந்தார். நூறு நெருங்கும்போது, போதும்னு சாப்பாட்டை நிறுத்திட்டார். பிறந்தநாள் கழிஞ்சு மூணு வாரத்துக்குள்ள போய்ச் சேர்ந்தார், 1983ல. 'கம்பீரமான முடிவு'ன்னு எழுதியிருக்கேன்.

வேலம்மா: அவரு வேண்டாம்னாரு, நிறுத்துனாக. மேலத்தெருவுல ஒரு கெழவி வேணும் வேணும்னு கேட்டா, நிறுத்துனாக. அவளுக்கும் கம்பீரம்னுதான் எழுதுவியா?

சுப்பு: ...

வேலம்மா: எழுத மாட்டே. அந்தா பையன் வந்துட்டான், கொஞ்சம் நகந்து உக்காரு.

(பையன் மிஷினைத் திண்ணையில் வைக்கிறான். வேலம்மா வலது கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து வைக்கிறார். சிவப்பு விளக்கு. நாக்கில் தொட்டு ஈரமாக்கி வைக்கிறார். சிவப்பு. பையன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கிறான், இதற்கென்றே வைத்திருக்கிறான். விரலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்க்கிறான். சிவப்பு.)

சுப்பு: இதைத்தான் என் முன்னுரையில எழுதியிருக்கேன் பெரியம்மா. 'உழைத்துத் தேய்ந்த விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு கவிதை.'

வேலம்மா: அதைக் கொஞ்சம் மிஷினுக்கு வாசிச்சுக் காட்டு. ஆயிரத்து இருநூறு ரூவா அதுக்குள்ள இருக்கு.

பையன்: எடது கையக் குடுங்க பாட்டி.

வேலம்மா: அது இதைவிடத் தேஞ்சது. நீ நாலாவது ஆளைச் சொல்லு தம்பி, இது லேசுல விழாது.

சுப்பு: நாலாவது நம்ம ஆள். புறநானூறு, 243ஆம் பாட்டு. எழுதினவர் பேர் தெரியலை. கம்பு ஊன்றின கிழவர்னு பாட்டுல வர்றதையே பேரா வச்சுட்டாங்க, தொடித்தலை விழுத்தண்டினார்னு.

வேலம்மா: பேரே இல்லையா! அப்பம் பட்டா?

சுப்பு: பட்டாவே கிடையாது.

வேலம்மா: சொல்லு, இது ஒழுங்கா இருக்கும்.

சுப்பு: சின்ன வயசை நினைச்சுப் பாக்கறார். மணல்ல பொம்மை செஞ்சு பூ வச்சது, பொண்ணுங்களோட கை கோத்துத் தண்ணியில ஆடினது. தாழ்ந்து கிடக்கற மருதமரக் கிளையில ஏறி, கரையில நிக்கறவங்க திகைச்சுப் போக ஆழத்துல 'துடும்'னு குதிச்சு, அடியில இருந்து மணலை அள்ளிக்கிட்டு மேல வந்தது. அந்த வயசு எங்க போச்சு, இப்போ கம்பை ஊன்றி நடுங்கிக்கிட்டு, இருமலுக்கு நடுவுல நாலு வார்த்தை பேசறேனேங்கிறார்.

வேலம்மா: மணலை அள்ளியாந்து காட்டுனாரா?

சுப்பு: ஆமா, அப்படித்தான் இருக்கு.

வேலம்மா: அப்பம் மெய்யாவே குதிச்ச ஆளுதான். மணலைக் காட்டலேன்னா அடி வரைக்கும் போனதை எவன் நம்புவான்? மேட்டுக்கெணத்துல நாங்க அப்படித்தான பந்தயம் கட்டுவோம். வயசாகுறது இன்பம், கம்பீரம்னு இவரு ஒண்ணும் அளக்கல பாரு. இருமலை இருமல்னே சொல்லிப்புட்டாரு.

சுப்பு: இதுக்கு நாலரைதான் போட்டேன்.

வேலம்மா: ஏன், பக்கம் கொறைச்சலா?

சுப்பு: கொஞ்சம் நம்பிக்கை கொடுக்கிற மாதிரி முடிச்சிருக்கலாம்னு...

வேலம்மா: நீ குதிக்காதவன், அப்படித்தான் சொல்லுவே. மேட்டுக்கெணத்துல எல்லாரும் அடிக்குப் போயி மணலை எடுப்பான். நீ படியில உக்காந்து அடுத்தவன் கை மணலைத் தட்டிப் பறிச்சு, நான்தான் எடுத்தேம்பே.

சுப்பு: அதெல்லாம் யார் சொன்னது?

வேலம்மா: கண்ணால பாத்தேன். ஒருநாளு பயக கோவத்துல ஒன்னையத் தள்ளிவிட்டுட்டானுவ. கோவணம் கழண்டு மெதந்து போச்சு, உங்காத்தா வாளிய விட்டு எடுத்தா.

பையன்: பாட்டி, ரேகை விழுந்துருச்சு!

வேலம்மா: எண்ணு, எண்ணு.

பையன்: இருங்க... சர்வர் போயிருச்சு.

சுப்பு: பெரியம்மா, சனிக்கிழமை வெளியூர்ல இருந்தெல்லாம் பெரிய ஆளுங்க வர்றாங்க. நீங்க பாட்டுக்கு இந்தக் கதையை...

வேலம்மா: எத்தனை மணிக்குக் கூட்டம்?

சுப்பு: நீங்க எதுக்கு அலையணும், நான் வந்து சொல்றேனே.

வேலம்மா: வாசகர் கருத்துன்னா யாரு வேணும்னாலும் சொல்லலாம்ல? வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான கட்டிக்கிட்டு வாரேன்.

சுப்பு: சரி, எந்தப் புத்தகத்தைப் பத்திப் பேசுவீங்க?

வேலம்மா: கெணத்தைப் பத்தி. வடை உண்டுல்ல?