304 விளையாட நாலு பேர் வேணும்

சாகக் கிடக்கிற ஒருவரைப் பார்க்கப் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. போனாலும் "முத்தத்தில போய் விளையாடு" என்று கலைத்துவிடுவோம். அதே பிள்ளையைச் செத்தவீட்டில் தேடிப் பிடித்து, கையில் நெய்ப்பந்தத்தைக் கொடுத்துப் பிரேதத்தைச் சுற்றி நிற்க வைப்போம். உயிரோடு கிடந்தபோது கிட்டப் போகவிடாத பிள்ளைக்குச் செத்தபிறகு என்ன கடமை? எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை. பெரியவர்கள் கோபிக்கலாம், பரவாயில்லை.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா இருந்தார். 1957 இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது அவர் பள்ளிக்கூடப் பெடியன். மனைவி முதலே போய்விட்டா. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொழும்பிலும். காசுக்குக் குறைவில்லை. சமைத்துப் போட ஒரு அம்மா, கிளினிக்குக்கு ஓட்டோ, எல்லாம் ஒழுங்காக நடந்தது. இல்லாமல் போனது சீட்டு விளையாட ஆள்தான். 304 க்கு நாலு கை வேணும். அவருடைய செட்டில் மற்ற மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பக்கத்து வளவுப் பெடியன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுக் கெம்பஸ் அனுமதிக்காகக் காத்திருந்தவன். வட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்று ஐயா கூப்பிட, போனைப் பார்க்கப் போனான். அடுத்த கிழமை இரண்டு கூட்டாளிகளோடு போனான். பிறகு பின்னேரமானால் அந்த விறாந்தையில் ஒரே சத்தம். துரும்பை ஒளித்துவிட்டான் என்று ஐயா கத்துவது படலை வரைக்கும் கேட்கும். "வருத்தக்கார மனுசனோட என்ன கூத்து இது?" என்று ஒழுங்கையில் முணுமுணுத்தார்கள். 1964 புயல், 2004 கடல் எல்லாவற்றையும் அந்தப் பெடியள் அவர் வாயால்தான் கேட்டார்கள். சுனாமி வந்தபோது அவர்களில் ஒருவனும் பிறந்திருக்கவில்லை. ஆனால் "அந்தக் காலத்தில" கதைகளுக்காக அவர்கள் போனதாக நினைக்க வேண்டாம். அவர்களுடைய காதல் வழக்குகளுக்கு அவர்தான் நீதவான். தீர்ப்புகள் படுமோசம் என்று கேள்வி.

அவருக்குப் புற்றுநோய். வீட்டார் அவருக்குச் சொல்லவில்லை. அவர் தனக்குத் தெரியும் என்பதை வீட்டாருக்குச் சொல்லவில்லை. நம் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த நாடகம் இப்படித்தான் ஓடுகிறது. பெடியன்தான் ஒருநாள் சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டானாம்:

"ஐயா, பயமா இருக்கோ?"

"சாகிறதுக்கில்ல மகன். இரவில முழிப்பு வந்தா ஒருத்தரும் இல்ல. அதுதான்."

மகனிடம் இதைச் சொன்னால் மகன் அழுவான், உடனே டிக்கெட் போடுவான், வர முடியாவிட்டால் குற்ற உணர்ச்சியில் கிடப்பான். அதனால் பிள்ளைகளுக்கு "நல்லா இருக்கிறன்" மட்டும்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் காணி உறுதியிலும் பங்கில்லை, பழைய கணக்கும் இல்லை. அவனிடம் உண்மை பேசலாம். சொந்தம் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

தாய்மாரின் பயம் எனக்கு விளங்குகிறது. பிள்ளை மனம் உடைந்துவிடும், படிப்புக் குழம்பும் என்பார்கள். உடையத்தான் செய்தது. கடைசி மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று தாய் சொன்னா. ஆனால் இந்த ஊரில் எந்தப் பிள்ளையைச் சாவிலிருந்து மறைத்து வளர்த்திருக்கிறோம்? போரில் செத்தவர்கள், கடலில் போனவர்கள் என்று படங்களுக்கு மாலை போட்டே வளர்த்தோம். ஒரு மனிதன் ஆறுதலாக, சீட்டு விளையாடிக்கொண்டு, வயது போய்ச் சாவதைத்தான் அவர்கள் கண்டதில்லை.

இன்னொன்று. குளிக்க வார்ப்பதும் மருந்து கொடுப்பதும் பெடியளின் தலையில் விழக்கூடாது. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் மாணவர்கள் வாடகை இல்லாமல் தங்குகிறார்கள். மாதம் 30 மணித்தியாலம் நல்ல அயலவராக இருந்தால் போதும், தாதி வேலை அவர்களுக்கில்லை. நமக்குக் கிட்ட, கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம் பிறகு ஊர்த் தொண்டர்களின் கைக்குப் போனது. கல்லூரி மாணவர்களும் அதில் வீடுவீடாகப் போகிறார்கள். இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். இங்கே ஏ.எல். முடித்த பிள்ளைகள் கெம்பஸ் கிடைக்கும்வரை மாதக்கணக்கில் போனும் கையுமாக இருக்கிறார்கள். இவர்கள் இரண்டு பேரையும் சந்திக்க வைக்க எந்தத் திட்டமும் தேவையில்லை, படலையைத் திறந்துவிட்டால் போதும். திட்டம் என்று தொடங்கினால் பனரும் பிரதம விருந்தினரும் வந்துவிடுவார்கள், பிறகு சீட்டு விளையாடவும் இடமிருக்காது.

ஐயாவின் மரண அறிவித்தலில் மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று நாலு நாட்டு ஆட்களின் பெயர் இருந்தது. பெடியனின் பெயர் இல்லை. செத்தவீட்டில் அவன் கதிரை அடுக்கிக்கொண்டு, வந்தவர்களுக்குச் சோடா கொடுத்துக்கொண்டு நின்றான். ரொறன்ரோவிலிருந்து வந்த மூத்த மகன் அவனைக் கேட்டரிங் பெடியன் என்று நினைத்து, இன்னும் இரண்டு கேஸ் சோடா எடுத்துவரச் சொன்னார். அவனும் போய் எடுத்துவந்தான்.

இப்போது மூன்று பேரும் நாலாவது கைக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு ரிட்டயர்ட் மாஸ்டரைப் பிடித்திருக்கிறார்கள். எண்பத்திரண்டு வயது. படுகள்ளம் விளையாடுகிறாராம்.