பகல் 11 மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நம் வீட்டுப் பையன்கள் தேசிய சேவையில் சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கிச் செய்யும் முதலுதவி, கற்றுக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் நாலு பேரைப் பிடித்து முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் பொம்மையின் நெஞ்சை அமுக்கிப் பழகிவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் சரி. செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, யீஷூனில் 12வது மாடி வீட்டில் தாத்தா சுருண்டு விழும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? பாட்டி இருப்பார். இல்லாவிட்டால் பணிப்பெண். இந்த இரண்டு பேருக்கும் நாம் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிங்கப்பூரில் மருத்துவமனைக்கு வெளியே இதயத்துடிப்பு நின்றுபோகும் சம்பவங்கள் ஆண்டுக்கு 3,000க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை நடப்பது வீட்டில்தான். எம்ஆர்டி நிலையத்திலோ கடைத்தொகுதியிலோ விழுந்தால் பயிற்சி பெற்ற யாராவது ஓடி வருவார். வீட்டில் விழுந்தால், யார் இருக்கிறார்களோ அவர்கள்தான். அதனால் பயிற்சியை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் சமையலறை என்பது என் கட்சி.

நம்மவர்களின் முதல் வேலை என்ன தெரியுமா? கோடாலித் தைலத்தைத் தேடுவது. நெஞ்சு வலியா, வாயுத் தொல்லை என்று இஞ்சித் தண்ணீர். அப்புறம் மகனுக்கு ஃபோன். மகன் மீட்டிங்கில் எடுக்கவில்லை என்றால் மருமகளுக்கு, அவரும் எடுக்கவில்லை என்றால் ஜோகூரில் இருக்கும் மகளுக்கு. அவசர ஆம்புலன்ஸை அழைக்கும் 995 என்ற எண் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோதான் ஞாபகத்துக்கு வருகிறது. இதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விடும். இதயம் நின்றபின் சிபிஆர் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்துவிடுகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, மின்தூக்கிக்குக் காத்திருந்து, 12 மாடி ஏறித்தானே ஆக வேண்டும்?

காசு செலவாகும் என்று தயங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உண்மையான அவசரத்துக்குக் குடிமைத் தற்காப்புப் படை கட்டணம் வாங்குவதில்லை. அவசரமில்லாததற்குத்தான் கட்டணம். அதற்கு 1777 என்று தனி எண் இருக்கிறது.

995ஐ அழைத்துவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவரே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவார். தொலைபேசி வழியாகவே சிபிஆர் செய்யவைக்கும் முறை இங்கே 2012லிருந்து இருக்கிறது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அமுக்க வேண்டியதுதான். ஆனால் அவர் முதலில் கேட்பது முகவரி. பதற்றத்தில் பாட்டிக்கு புளோக் எண் வராது. நம் ஊரின் ஒரு வசதியை இங்கே பயன்படுத்தலாம்: ஒவ்வொரு புளோக்குக்கும் தனி அஞ்சல் குறியீடு. அந்த ஆறு இலக்கத்தைச் சொன்னாலே கட்டடம் தெரிந்துவிடும். மாடி எண்ணும் வீட்டு எண்ணும் சேர்த்துச் சொன்னால் போதும். என் அம்மா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். கொட்டை எழுத்தில் 995, கீழே அஞ்சல் குறியீடு, மாடி, வீட்டு எண், அதற்கும் கீழே அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் 'சிக்ஸ், செவன்' என்று உச்சரிப்பைத் தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.

அதைவிட முக்கியமான விஷயம் மூச்சு. இதயம் நின்ற பிறகும் சிலருக்குக் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து, இடைவெளி விட்டு விட்டு, குறட்டைபோல ஒரு சத்தம் வரும். பார்க்கிறவர்கள் 'மூச்சு இருக்கு, தூங்கட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது மூச்சே இல்லை. தட்டிக் கூப்பிட்டுப் பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், 995ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் கையை வைக்க வேண்டியதுதான். சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கட்டிலில் வேண்டாம், மெத்தை அமுங்கும். தரையில் கிடத்த வேண்டும். எலும்பு முறிந்துவிடுமே என்கிறார்கள். முறியலாம். முறிந்த எலும்பு கூடும்.

அடுத்தது நாம் பேசக் கூச்சப்படுகிற விஷயம். விழுந்தது பெண் என்றால்? பொது இடத்தில் விழும் பெண்களுக்குச் சிபிஆர் கிடைப்பது ஆண்களைவிடக் குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. நம் ஆட்களின் தயக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியின் இரண்டு ஒட்டுகளும் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். ரவிக்கையைக் கத்தரிக்க வேண்டியிருக்கும். தாலிச் சங்கிலி ஒட்டின் மேல் படாமல் ஒதுக்கிவிட வேண்டும். வியர்வை இருந்தால் துடைக்க வேண்டும். இதைப் பயிற்சியிலேயே பச்சையாகச் சொல்லிவிட வேண்டும், அதுவும் தமிழில், பெண்கள் கேட்கும்படி. பொம்மைக்குப் புடவை கட்டிப் பழக்கினால் கூட நல்லது என்பேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

ஏஇடிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் கீழ்த்தள மின்தூக்கிக் கூடங்களில் வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய இரண்டு புளோக்குக்கு ஒன்று. உங்கள் புளோக்கில் இருக்கிறதா, பக்கத்து புளோக்கிலா என்று இன்று மாலை மளிகைக்குப் போகும்போது பார்த்து வையுங்கள். 2015லிருந்து இருக்கும் மைரெஸ்பாண்டர் செயலி, பக்கத்தில் யாருக்காவது இதயம் நின்றுபோனால் சுற்றுவட்டாரத் தொண்டூழியர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. அதில் நம் இளைஞர்கள் இன்னும் நிறையப் பேர் சேரலாம்.

மற்ற அவசரங்களில் நாம் செய்யும் கூத்து வேறு ரகம். ஒரு கல்யாண மண்டபத்தில் மயங்கி விழுந்த பெரியவரை நாலு பேர் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மறுபடி சரிந்தார். மறுபடி உட்காரவைத்தார்கள். மூச்சு சீராக இருந்தால் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தினாலே மூளைக்கு ரத்தம் போகுமே! ஒருவர் சோடாவை வாயில் ஊற்றப் போனார். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். சர்க்கரை குறைந்த நீரிழிவு நோயாளிக்கு இனிப்புப் பானம் கொடுப்பதுகூட அவர் தானே விழுங்கும் நிலையில் இருந்தால்தான். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் வழக்கம் தேக்காவிலும் இன்னும் போகவில்லை. பல்லுக்கிடையில் கரண்டியும் வேண்டாம். இடித்துக்கொள்ளும்படி இருக்கும் சாமான்களை நகர்த்திவிட்டு நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 995. சூடுபட்டால் பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க வராமல், பேச்சு குழறினால் பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும். அந்த நேரத்தில் டாக்ஸி பிடிக்கவோ, பாலிகிளினிக்கில் எண் எடுத்து உட்காரவோ வேண்டாம், 995தான்.

வேலைக்குப் போகிற நாம் சனிக்கிழமை ஒரு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி லிங்க்ட்இனில் போடுகிறோம். அடுத்த முறை பெயர் பதியும்போது பாட்டியையும் பணிப்பெண்ணையும் கூடச் சேர்த்துப் பதியுங்கள். பாட்டிக்கு முட்டி வலி, மண்டியிட்டு அமுக்க முடியாது என்றால் பரவாயில்லை. 995ஐ அழைக்கவும், கதவைத் திறந்து வைக்கவும், அக்கம்பக்கத்தைக் கூப்பிடவும், பணிப்பெண் அமுக்கும்போது கூடவே எண்ணவும் அவரால் முடியும். கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வார இறுதி அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தைவிடப் பொருத்தமான வகுப்பு உங்களுக்குக் கிடைக்காது. மண்டபத்தின் ஒரு மூலையில் பாய் விரித்து இரண்டு பொம்மைகளைப் போடுங்கள். தமிழில் சொல்லித்தரத் தாதியர் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.