சேவையும் வாங்கவில்லை, சில்லறையும் செல்லவில்லை

சோம்புக்குள் விரலை விட்டுச் சில்லறை பொறுக்காதவர் யாராவது இருந்தால் இத்தோடு போய்விடலாம். இது உங்களுக்கு இல்லை. மற்றவர்கள் வாருங்கள், உட்காருங்கள். தனியாக என்னால் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வேறெங்கும் இல்லை, காரைக்குடியில்தான், சொந்த ஊரில்தான். அமெரிக்காவிலிருந்து மச்சான் வந்திருக்கிறார். மூன்று வருஷம் கழித்து வந்தவரை "நல்ல செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு" வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று என் வீட்டுக்காரிக்குத் தோன்றிவிட்டது. செட்டிநாட்டில் இருந்துகொண்டு, செட்டிநாட்டுச் சமையல் தெரிந்த என் ஆத்தாவையும் காரில் ஏற்றிக்கொண்டு, செட்டிநாட்டுச் சாப்பாட்டைத் தேடிப் போனோம். அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

ஹோட்டல் பெயர் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல், வாசலில் எந்த வீட்டிலிருந்தோ பிடுங்கி வந்த தேக்குத் தூண், சுவர் முழுக்க முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கி மாட்டிய எனாமல் சட்டியும் தூக்குவாளியும். ஆத்தா உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாரு வீட்டுச் சாமானோ, பாவம்" என்றார்.

சாப்பிட்டோம். அதில் ஒரு குறை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது பில்லுக்கு வருவோம்.

ஐந்து இலைச் சாப்பாடு 1,100. மட்டன் சுக்கா 360. நண்டு மசாலா 380. வெள்ளைப் பணியாரம் இரண்டு தட்டு 240. தண்ணீர் பாட்டில் இரண்டு 60. ஆக 2,140. இதுவரை எனக்கும் உலகத்துக்கும் எந்தத் தகராறும் இல்லை. அடுத்த வரியில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 214 ரூபாய். அதையும் சேர்த்துக்கொண்டு மொத்தத்தின் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. சேவைக்கும் வரி! முழுசாக்கி 2,472.

நான் அந்தப் பில்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஆத்தா, "என்னடா, எழுத்து தெரியலையா?" என்றார். மகள்தான் எட்டிப் பார்த்து, "சேவைக் கட்டணம் போட்டிருக்காங்க அப்பத்தா" என்று நல்ல தமிழில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் ஆத்தாவுக்குச் சேவை என்றால் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. "சேவையா? நம்ம எலையில சேவையே விழுகலையே! இடியாப்பம் கேட்டதுக்கே ராத்திரிக்குத்தான்னு சொன்னானே!" என்று குரலை உயர்த்த, பக்கத்து மேசையில் பிள்ளையார்பட்டி விபூதியோடு உட்கார்ந்திருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. பரிமாறியதற்கான காசு என்று விளக்கினேன். "சோறு போடுறதுக்குத் தனியாக் காசா? அப்ப அந்த 220 எதுக்கு? பாத்துட்டுப் போறதுக்கா?"

இந்தக் கேள்விக்கு இந்திய அரசு 2017லேயே பதில் சொல்லிவிட்டது. சர்வீஸ் சார்ஜ் விருப்பம் இருந்தால் கொடுப்பது, கட்டாயம் இல்லை. அது யார் காதிலும் ஏறாததால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று மறுபடி உடைத்துச் சொன்னது: பில்லில் தானாகச் சேர்க்காதே, வேறு பெயரில் வாங்காதே, சாப்பாட்டுக் காசோடு சேர்த்து அதற்கும் ஜிஎஸ்டி போடாதே. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று தனி நீதிபதி அவர்கள் மனுக்களைத் தள்ளுபடி செய்து, அபராதமும் போட்டு அனுப்பினார். புகார் சொல்ல 1915 என்று நான்கே இலக்க எண் வேறு இருக்கிறது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? போன தடவை இதே மாதிரி 160 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து ராத்திரி தூக்கம் வராமல் படித்தது.

ஆகவே இந்தத் தடவை தயாராக இருந்தேன். பரிமாறிய தம்பியைக் கூப்பிட்டேன். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பையன், கேட்காமலே ரசம் இரண்டாம் தடவை ஊற்றியவன். "தம்பி, இந்த 214 ரூபா உங்களுக்கா?"

அவன் ஒரு தடவை கல்லாப் பக்கம் பார்த்தான். ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு, பல வருஷம் பழகிய சொந்தக்காரன் மாதிரி குனிந்து காதருகே சொன்னான்: "அது ஓனருக்கு சார். நீங்க வைக்கிறதுதான் எங்களுக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பில்லை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். மதியம் மூன்று மணிக்கு எந்தச் சாமிக்கு என்று தெரியவில்லை. "சிஸ்டத்துல தானா வருது சார்" என்றார். தானாக வருகிறதாம். புதுக்கோட்டை ரோட்டில் மழை வருகிற மாதிரி. "தானா வந்ததைத் தானாப் போகச் சொல்லுங்க" என்றேன். "மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார், அவர்தான் பாஸ்வேர்டு போடணும்." மேனேஜர் சாப்பிட வேறு ஹோட்டலுக்குப் போயிருப்பார் போல, இருபது நிமிஷம் ஆயிற்று. அவர் வந்தார், ஏப்பம் விட்டார், பாஸ்வேர்டு போட்டார். புதுப் பில் 2,247. வாழ்க்கையில் முதல்தடவையாக 225 ரூபாய் ஜெயித்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேசைக்குத் திரும்பினால் என் வீட்டுக்காரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அண்ணன் முன்னாடி இது தேவையா?" என்றாள்.

அண்ணன் அதற்குள் வகுப்பு எடுக்க ஆரம்பித்திருந்தார். "அங்கெல்லாம் மாப்ள, 18, 20, 25 என்று மெஷினிலேயே வரும். தொட்டால் போதும்." ஏன் அவ்வளவு என்றால், டிப்ஸ் வாங்கும் வேலைக்கு அங்கே மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991லிருந்து ஒரு சென்ட்கூட ஏறவில்லையாம். மாநிலத்துக்கு மாநிலம் கூடும், ஆனால் அடிப்படை அதுதான். மீதியைச் சாப்பிட வருகிறவன் போட வேண்டும். 1991இல் நான் அரை டவுசர் போட்டுக்கொண்டு கொப்புடையம்மன் கோயில் வாசலில் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று முடிவு செய்த கூலியை வைத்து இன்று என்னை ஏன் பயமுறுத்துகிறீர்கள் மச்சான்? எங்கள் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வந்தால் வேறு கதை சொல்வார். அங்கே பெரும்பாலான ரெஸ்டாரண்டில் 10 சதவீதம் சேர்த்தே வாங்கிவிடுவார்கள், அதற்கு மேல் டிப்ஸை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். நம் ஊர்தான் புத்திசாலி. சிங்கப்பூரின் பில்லையும் அமெரிக்காவின் எதிர்பார்ப்பையும் சேர்த்து ஒரே இலையில் வைத்துவிட்டது.

சரி, ஐந்து 500 ரூபாய்த் தாள்களை அட்டைக்குள் வைத்தேன். மீதி 253 வர வேண்டும். வந்தது. இரண்டு நூறு ரூபாய்த் தாள். அதன் மேல் ஒரு குன்று சோம்பு. சோம்புக்கு மேல் கல்கண்டு. மீதிக் காசு? சோம்புக்குள்ளே. கீழடியில்கூட அவ்வளவு கவனமாகத் தோண்டியிருக்க மாட்டார்கள். முதலில் ஒரு பத்து ரூபாய் நாணயம் கிடைத்தது. பிறகு ஒரு கல்கண்டு, நாணயம் என்று நினைத்து எடுத்தது. பிறகு இன்னொரு பத்து. இப்படி ஐந்து பத்து ரூபாய் நாணயங்கள், ஒரு இரண்டு ரூபாய், ஒரு ஒரு ரூபாய். ஒரு 50 ரூபாய்த் தாள் அந்தக் கல்லாவில் இல்லையாம்! இந்த ஏற்பாட்டின் நோக்கம் உங்களுக்கும் தெரியும். சோம்போடு ஒட்டிக்கொண்ட நாணயத்தை எந்தக் கௌரவமான மனிதன் நோண்டி எடுப்பான், அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவான் என்பதுதான். நான் நோண்டினேன். ஆத்தா உதவி செய்தார்.

தம்பி மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் நிமிர்ந்தால் புன்னகை. குனிந்தால் துணி ஓடும் சத்தம். "வேற ஏதாவது வேணுமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டான். அவனுக்குத்தான் வேண்டியிருந்தது. சப்ளையர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். எழுத வரவில்லை, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் "சம்பளம் எவ்வளவு தம்பி?" என்று கேட்டபோது அவன் பதில் சொல்லாமல் சிரித்த சிரிப்பில் அதுவும் பாதி போய்விட்டது. சம்பளம் போடுவது ஓனர் வேலை. அதை ஈரக் கையோடு உட்கார்ந்திருக்கும் என்னிடம் தள்ளிவிட்டு அங்கே ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். அதுவும் எவ்வளவு என்று சொல்லாமல்! பத்து வைத்தால் கஞ்சன், நூறு வைத்தால் வீட்டில் பேச்சு, ஒன்றும் வைக்காவிட்டால் அடுத்த தடவை சாம்பார் வராது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய்விருந்து வைப்பார்களே, அதுகூடத் தேவலை. நோட்டுப் போட்டு எழுதுவார்கள், நம் வீட்டு விருந்துக்குத் திரும்பி வந்துவிடும். இது வராத மொய்.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பரிமாறுகிறவர் கையைப் பிடித்துத் தடுத்தால்தான் பணியாரம் நிற்கும். போதும் போதும் என்று இலைமேல் கவிழ வேண்டும். வீட்டுக்காரர் பந்தி விசாரித்துக்கொண்டே வருவார், "மண்டி வாங்கினீங்களா, கவுனி அரிசி வந்ததா" என்று. அந்த விருந்தோம்பலைத்தான் வாசலில் பெரிய எழுத்தில் போட்டு, உள்ளே இரண்டாவது அப்பளத்துக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள்.

எங்கே விட்டேன்? நாணயம். ஐந்தில் மூன்றைத் தட்டிலேயே வைத்தேன், 30 ரூபாய். எழுந்தேன். பின்னால் குரல்: "சார்."

திரும்பினால் தம்பி தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறான், ரொம்ப மரியாதையாக. "தப்பா நினைக்காதீங்க சார். பத்து ரூபா காயினை யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. நோட்டா இருந்தா..."

உங்கள் கல்லாவிலிருந்து வந்த காசுடா அது! ஐந்து நிமிஷம் முன்னால் உன் கையால் கொண்டுவந்து சோம்புக்குள் புதைத்தது! அதுவரை வந்த 14 வடிவப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லியாகிவிட்டது என்று ஆரம்பித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான். ரிசர்வ் வங்கி கவர்னர் அவன் ஏறும் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இல்லை என்பதை அவனும் நானும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம். நாணயங்களை எடுத்துக்கொண்டு நூறு ரூபாய்த் தாளை வைத்தேன்.

காரில் ஏறிய பிறகு வீட்டுக்காரி மெதுவாக, "நீங்க கல்லாவில் சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப, பாவமா இருந்துச்சுன்னு அந்தப் பையனுக்கு 50 ரூபா குடுத்தேன்" என்றாள். சரி என்றேன். பின் சீட்டிலிருந்து மச்சான் தொண்டையைக் கனைத்தார். "நானும் மாப்ள. முதல் பில்லைப் பார்த்து, 20 பர்சன்ட் கணக்கு போட்டு, 500."

650 ரூபாய். 225 ரூபாய்க்காக ஏப்பம் விடும் மேனேஜரிடம் சட்டம் பேசிய வீட்டிலிருந்து 650 ரூபாய். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆத்தாதான் முதலில் சிரித்தார், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. பிறகு எல்லோரும். நானும் சிரித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்ய? பார்க்கிங் டோக்கன்காரர் 20 ரூபாய் கேட்டார். இரண்டு நாணயத்தை நீட்டினேன். "காயின் வேணாம்ணே" என்றார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்த வெள்ளைப் பணியாரம். படிப் பச்சரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளந்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி எடுக்கிற வெள்ளைப் பணியாரம். அதற்குத் தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல் வரும் என்று ஐந்து பேரும் காத்திருந்தோம். கிண்ணத்தில் தக்காளி சாஸ் கொண்டுவந்து வைத்தான். தக்காளி சாஸ்! காரைக்குடியில்!