தனியாக வாழ்பவர்கள் தத்தெடுக்க முடியாதா? அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

"சிங்கப்பூரில் புதிய சட்டம் வந்துவிட்டது, கல்யாணம் ஆகாதவர்கள் இனி குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, ஏற்கெனவே எடுத்ததும் செல்லாது" என்று ஒரு செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. எங்கள் புளோக்கில் ஒரு அக்கா, தனியாளாக ஒரு மகனை வளர்ப்பவர், பையனுக்குத் தலை துவட்டிக்கொண்டே அதைப் படித்துவிட்டு, துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சட்டம் வந்தது உண்மைதான். 2022ல் நிறைவேறி, 2024 அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது வேறு: இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் அவர்கள் சட்டப்படி கணவன் மனைவியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் தனியாக விண்ணப்பிக்கும் வழி மூடப்படவில்லை. வயது பொதுவாக 25 நிறைந்திருக்க வேண்டும், குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும், தகுதி மதிப்பீடும் உண்டு. அது லேசானதல்ல, கடைசியில் முடிவு நீதிமன்றத்தின் கையில்.

அப்புறம், "ஏற்கெனவே எடுத்தது செல்லாது" என்பது சுத்தப் பொய். தத்தெடுப்பு நீதிமன்ற ஆணை. புதிய சட்டம் வந்ததால் அது தானாக ரத்தாகாது.

யார் தத்தெடுக்கலாம் என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம், விவாதிப்போம், சரி. ஆனால் இல்லாத சட்டத்தைச் சொல்லி ஒரு பிள்ளையின் வீட்டைக் கலக்க வேண்டாம். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் இணையத்தளத்தில் விதிகள் இருக்கின்றன, சட்டத்தின் முழு வாசகமும் அரசாங்கச் சட்டத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போடுங்கள்.