பழைய மின்சார இன்ஜினும் நம்ம கடற்கரை உப்புக்காற்றும்

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து ரயில் ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "வாப்-4 மாதிரி வருமா? புது இன்ஜின்ல உயிரே இல்லை." வாப்-4 என்ற பழைய மின்சார இன்ஜின் மேலான அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் "பழசுதான் உறுதி" என்ற தீர்ப்பை, அதுவும் நம்ம கரையில் வைத்துச் சொன்னால், ஒப்புக்கொள்ள முடியாது.

நம்ம பாதைக்குப் பழைய மின்சார இன்ஜின் என்றுமே வெளியூர்க்காரர்தான். 1914இல் திறந்து 2022 டிசம்பரில் ரயில் நின்ற பழைய பாம்பன் பாலத்தின் மேல் மின்கம்பியே கிடையாது. நீராவி போனது, டீசல் வந்தது, அவ்வளவுதான். மீட்டர்கேஜ் காலத்தில் எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை 25 கே.வி. கம்பி, அதில் ஓடியது ஜப்பானில் செய்த யாம்-1 இன்ஜின். அகலப்பாதை வந்த பிறகு, கம்பி இருக்கிற ஊர் வரை மின்சாரம், அங்கே இன்ஜின் மாற்றம், பிறகு டீசல். ஆக, நம்ம ஆட்களின் ஏக்கமெல்லாம் இன்ஜின் மாற்றும் நிலையங்களில் கேட்ட சத்தத்தின் மேல்தான்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் ஏக்கத்துக்கும் ஒரு மரியாதை கிடைக்கும். வாப்-4க்கு முந்திய வாம்-4, தொடக்ககால வாப்-4 இரண்டிலும் ஆர்னோ என்ற சுழலும் இயந்திரம் ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஒற்றை பேஸ் மின்சாரத்தை ப்ளோயர்களுக்கும் கம்ப்ரசர்களுக்கும் வேண்டிய மூன்று பேஸாக மாற்றுவது அதன் வேலை. லோகோ பைலட் மேல்கம்பியைத் தொடும் கூரைக் கரமான பேண்டோவை ஏற்றி, டிஜே என்கிற மெயின் பிரேக்கரை மூடும் சுவிட்சை அழுத்திப் பிடிப்பார். ஆர்னோ முக்கிக்கொண்டு வேகம் எடுக்கும். அது போதிய வேகத்துக்கு வந்து, பேட்டரி சார்ஜர் விளக்கு அணைந்த பிறகே சுவிட்சை விட வேண்டும். முன்னதாகவே விட்டால் மூன்றாவது பேஸைக் கண்காணிக்கும் ரிலே எழும்பியிருக்காது. டிஜே மறுபடி திறந்துகொள்ளும். அந்த ஏறுமுக முனகல்தான் பலரும் "உயிர்" என்று சொல்வது. பிறகு ப்ளோயர்கள் ஒவ்வொன்றாகச் சேரும். வண்டி கிளம்பும்போது மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தத்தை மாற்றும் டேப் சேஞ்சர் 32 நாட்சில் ஒவ்வொரு படியாக ஏறும், ஒவ்வொரு படிக்கும் மோட்டாரின் இழுவை மாறும். தேர்ந்த லோகோ பைலட் அம்மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே காதால் அறிந்துவிடுவார். இவ்வளவும் உண்மை. பிற்காலத்தில் பல வாப்-4களில் ஆர்னோவை எடுத்துவிட்டு சுழலும் பாகம் இல்லாத கன்வர்ட்டர் வைத்தார்கள் என்பதும் உண்மை. 'வாப்-4 சத்தம்' என்று பொதுவாகப் பேசுபவர்கள் எந்த வாப்-4 என்று சொல்ல வேண்டும்.

இனி உறுதி விஷயம். பழைய இன்ஜினின் மோட்டார் டி.சி. சீரிஸ் மோட்டார். உள்ளே செம்புப் பட்டைகள் அடுக்கிய காம்யூட்டேட்டர், அதன்மேல் உரசும் கார்பன் பிரஷ். பிரஷ் தேய்ந்து கரித்தூள் விழும். மோட்டாரைக் குளிர்விக்க ப்ளோயர் வெளிக்காற்றை உள்ளே தள்ளும். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரலில் உப்பு. உப்பும் ஈரமும் கரித்தூளும் சேர்ந்து காப்புப் பரப்பில் படிந்தால் அதன்மேல் மின்சாரம் கசிய வழி உண்டாகும். கசிவு முற்றினால் காம்யூட்டேட்டரில் ஃப்ளாஷ்ஓவர் என்ற பெரும் பொறி பாயும், நிலக்கசிவு ரிலே விழும், டிஜே திறக்கும், வண்டி நிற்கும். பிரஷ் நீளம், ஸ்பிரிங் அழுத்தம், பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்கா பள்ளம் என்று ஷெட்டில் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய மோட்டார் அது. கம்பி முன்னமே வந்து இந்தக் கரையில் தினமும் ஓடியிருந்தால் அதன் பராமரிப்புச் சுமை வேறு மாதிரி இருந்திருக்கும்.

புது இன்ஜினான வாப்-7இன் மோட்டாரில் காம்யூட்டேட்டரும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. மூன்று பேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் ஆறு, மொத்தம் 6,000 குதிரைத்திறனுக்கு மேல். பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தரும். பெட்டிகளின் விளக்குக்கும் ஏ.சி.க்கும் இன்ஜினிலிருந்தே மின்சாரம் கொடுக்கும் வசதி இருப்பவற்றில், ஜெனரேட்டர் பெட்டியின் இரைச்சலும் டீசல் செலவும் மிச்சம். வேகக் கட்டுப்பாடு உள்ள பாலத்தில் ஒரே வேகத்தைப் பிடித்து நிறுத்த பொத்தான் ஒன்று போதும். பழையதில் நாட்சை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கடற்பாலம் உள்ள நம்ம பாதைக்கு இது சின்ன விஷயமல்ல.

பழையவர்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். வாப்-4இல் ஒரு மோட்டார் கெட்டால் அதை மட்டும் துண்டித்துவிட்டு மீதி ஐந்தை வைத்து வண்டியை இழுக்கலாம். ஜி.டி.ஓ. என்ற பழைய வகை மின்னணு சுவிட்சுகள் வைத்த வாப்-7இல் ஒரு போகியின் (இன்ஜினுக்கு அடியில் மூன்று அச்சு கொண்ட சக்கரத் தொகுதி) மூன்று மோட்டாருக்கும் ஒரே கன்வர்ட்டர். கோளாறு வந்தால் 154ஆம் எண் சுவிட்சைத் திருப்பி அந்தப் போகியையே ஒதுக்க வேண்டும், பாதி சக்தி போய்விடும். அச்சு அச்சாகப் பிரித்துக் கட்டுப்படுத்தும் முறை பிறகுதான் வந்தது. கடற்காற்று புதியதையும் சும்மா விடாது. வேக சென்சார் கேபிளின் இணைப்பில் பச்சை பூத்தால் தப்பான சிக்னல் போகும், இயந்திர அறையின் ஃபில்டர் அடைத்தால் சூடு ஏறி இன்ஜின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பழையதில் கோளாறை மூக்கும் காதும் காட்டிக்கொடுத்தன. புதியதில் திரையில் ஒரு எண் வரும், அதன் பொருள் தெரிந்தவர் வேண்டும்.

கம்பியையும் மறக்கக் கூடாது. இன்ஜின் எதுவானாலும் இன்சுலேட்டரில் உப்பு படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்தால் பொறி பறக்கும். கசிவுப் பாதை நீளமான இன்சுலேட்டரும் காலமறிந்து கழுவுவதும்தான் மருந்து. இன்ஜின் கூரை இன்சுலேட்டரைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுவது இந்தப் பாதையில் ஒதுக்கக்கூடாத வேலை. படகை லாரியில் ஏற்றி லெவல் கிராசிங்கைக் கடப்பவர்கள் உயரத் தடுப்புக் கம்பத்தைச் சட்டை செய்யாமல் நுழைவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 25 கே.வி. கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும்.

ஏக்கப்படுகிறவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, ஒலிப்பதிவு. மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத துண்டான நியூட்ரல் செக்‌ஷனுக்கு 500 மீட்டர், 250 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். அதற்கு அருகில், ரயில்வே எல்லைக்கு வெளியே பொதுச்சாலையில் நின்றால் டிஜே திறந்து ப்ளோயர் தணிவதும், மறுபடி மூடி எழும்புவதும் ஒரே பதிவில் கிடைக்கும். நம்ம காற்றுக்கு மைக்கின் மேல் அடர்த்தியான ஸ்பாஞ்ச் உறை கட்டாயம், இல்லாவிட்டால் வெறும் புயல் சத்தம்தான் பதிவாகும். தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இன்ஜின் எண், ஷெட், தேதி, இடம் நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். வாப்-4 மட்டும் போதாது. ஜி.டி.ஓ. வாப்-7 கிளம்பும்போது படிப்படியாக ஏறும் அந்த இசை போன்ற ஒலியும் ஐ.ஜி.பி.டி. என்ற புது வகை சுவிட்சுக்கு மாற்றப்படும்போது போய்விடும். அதையும் இப்போதே பதிவு செய்து வையுங்கள்.